நாற்பத்தெட்டு இலக்கங்கள்

2023 மார்ச் 6, திங்கள். காலை 9.40. எண்ணிக்கை: 14.

பதினான்கு முறை இயக்கியாயிற்று. பதினான்கு முறையும் அதே கறுப்புத் திரை, அதே ஒற்றை வரி: துவங்குவதற்கான சாதனம் எதுவும் இல்லை. விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை. ஒன்று போனால் இன்னொன்று இருக்குமே என்றுதான் இரண்டு வைத்தது. இரண்டும் ஜோடியாகப் போகும் என்று யார் கண்டது.

எங்கள் கம்பெனியில் இன்வெர்ட்டர் பலகை எரிந்து வந்தால் பழுது நோட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், எத்தனை முறை சோதித்தோம், அறிகுறி, காரணம். அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதுகிறேன். எழுதினால் தலை ஒழுங்காக வேலை செய்யும்.

கணினி: அக்கா செண்பகவல்லியின் மடிக்கணினி. விண்டோஸ் பக்கம் அவளுடையது. லினக்ஸ் பக்கம் என்னுடையது. கம்பெனி வேலையை வீட்டிலும் பார்க்கலாம் என்று ஜனவரியில் போட்டேன். உன் பக்கத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லித்தான் போட்டேன்.

உள்ளே இருப்பது: அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு. நெல் வயல் நத்தைகள். ஆயிரத்து நூற்று நாற்பது நத்தை ஓடுகளை நீளம், அகலம், வாய் விட்டம் என்று அளந்து வைத்திருக்கிறாள். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஐந்து வருடம். பல்கலைக்கழகத்தில் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 17, வெள்ளி, மாலை ஐந்து மணி. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது, பதிவே ரத்தாகிவிடும்.

வேறு பிரதி: அக்டோபர் வரை எழுதிய நான்கு அத்தியாயங்கள் அவளுடைய நெறியாளரின் மின்னஞ்சலில் இருக்கின்றன. நவம்பர் கடைசியில் பெட்டியோடு இங்கே வந்த பிறகு எழுதிய ஐந்தும் ஆறும், திருத்திய அளவு அட்டவணையும் இந்தக் கணினிக்குள் மட்டும்தான். பென்டிரைவில் போட்டு வை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காரணம்: தெரியவில்லை.

அக்கா கல்லூரிக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் முடித்துவிடலாம்.

மாலை 5.15. எண்ணிக்கை: 31.

முடியவில்லை. அக்கா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முகத்தைப் பார்த்தாள். ஸ்டார்ட் ஆகவில்லை, நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன்.

“நீ ஏதும் பண்ணுனியால?”

இல்லை, அதுவாகப் போய்விட்டது என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து ஒரு யோசனை சொன்னாள். ஒரு நாள் முழுக்க அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமாம். மிக்சி அப்படித்தான் சரியானதாம்.

மார்ச் 7, செவ்வாய். காலை 11.20.

கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். பென்டிரைவில் இருந்த லினக்ஸை வைத்துக் கணினியைத் திறந்து வட்டைப் பார்த்தேன். விண்டோஸின் பெரிய பகுதி அப்படியே இருக்கிறது. என் பகுதியும் இருக்கிறது. முன்னால் ஒரு சின்னப் பகுதி இருக்க வேண்டும், 260 எம்.பி. அது இல்லை. கணினி கண் விழித்ததும் முதலில் போய்ப் பார்க்கும் இடம் அதுதான். எந்தக் கதவை எப்படித் திறப்பது என்று இரண்டு சிஸ்டத்துக்கும் அதில்தான் எழுதியிருக்கும். வீடு இருக்கிறது, வாசல் இல்லை.

புதிதாக வாசல் வைத்தேன். ஒன்றரை மணி நேரம். லினக்ஸ் எழுந்துவிட்டது.

அக்காவின் பக்கம் எழவில்லை. அதற்கு விண்டோஸின் சொந்தக் கருவிகள் வேண்டும். ஐந்து ஜி.பி. இறக்க வேண்டும். வீட்டு இணையத்தில் இறக்கினால் பங்குனி உத்திரம் வந்துவிடும். நாளைக்குக் கம்பெனியில் போய் இறக்கிக்கொள்ளலாம்.

அக்காவிடம் பாதி வந்துவிட்டது என்றேன். எந்தப் பாதி என்று கேட்டாள்.

மார்ச் 8, புதன். மாலை 4.05.

காரணம் என்ற இடத்தை நிரப்பிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் இடம் போதவில்லை. வட்டைத் திறந்து பார்த்தால் பெயரில்லாமல் மூன்று குட்டிப் பகுதிகள் நின்றன. ஜனவரியில் முதலில் ஒரு லினக்ஸைப் போட்டுப் பார்த்துப் பிடிக்காமல் எடுத்திருந்தேன். அதனுடைய மிச்சம் என்று நினைத்தேன். நினைத்தேன், சரிபார்க்கவில்லை. மூன்றையும் அழித்தேன். இரண்டு உண்மையிலேயே என் குப்பை. மூன்றாவது வாசல்.

காரணம்: ஆவுடையப்பன், பி.இ., மின்னணுவியல், முதல் வகுப்பு.

இதைவிடப் பெரிய விஷயம் இப்போது வந்திருக்கிறது. விண்டோஸ் கருவியைப் பென்டிரைவில் போட்டு இயக்கினேன். அக்காவின் பகுதியைத் தொட்டதும் நீலத் திரை. உள்ளே இருப்பதெல்லாம் பூட்டியிருக்கிறதாம். மீட்புச் சாவி கேட்கிறது. நாற்பத்தெட்டு இலக்கங்கள், ஆறாறாக எட்டுத் தொகுதிகள். வாசல் ஒழுங்காக இருந்தவரை கணினியே சாவியைப் போட்டுத் திறந்துகொண்டிருந்தது. வாசலை மாற்றியதால் நம்மை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நியாயமான சந்தேகம்தான்.

சாவி இல்லாவிட்டால் நத்தை இல்லை. சுற்றுவழி கிடையாது. எனக்கு இது தெரியும். இருந்தாலும் இரண்டு மணி நேரம் இணையத்தில் சுற்றுவழி தேடினேன்.

மார்ச் 9, வியாழன். பகல் 1.30.

அக்காவின் மின்னஞ்சலில் சாவி இல்லை. பழைய மின்னஞ்சலிலும் இல்லை. கல்லூரி மின்னஞ்சலிலும் இல்லை. கணினி வந்த அட்டைப் பெட்டியை அம்மா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உள்ளே தெர்மக்கோலும் இரண்டு கரப்பான்பூச்சியும்.

அக்காவும் இன்றிலிருந்து கல்லூரிக்கு விடுப்பு. முதல் நாள் கணினியைத் திறந்து எல்லாம் அமைத்தது யார் என்று அவளிடம் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, “அவங்கதான்” என்றாள்.

அந்த ஆள்தான்.

அவரைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும், வேறு வழியில்லை. சிதம்பரவேல். அக்கா கணவர். கோவில்பட்டிக்கு அப்பால் ஒரு சின்ன நிலையத்தில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். போன அக்டோபரில் அங்கே மாற்றல் உத்தரவு வந்தது; அதை இரண்டு வாரம் அக்காவிடம் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அவள் ஆய்வேட்டை முடிக்கும் நேரத்தில் கலங்கிவிடக் கூடாதாம். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள். சண்டை வந்தது. நவம்பர் 27 அன்று இங்கே வந்துவிட்டாள். நீங்களாகக் கூப்பிட்டால் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்ததாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் எனக்குக் கேட்டது.

அவள் முதல் வாரம் சாப்பிடாமல் கிடந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கே அந்த ஆளைப் பற்றித் தீர்மானித்துவிட்டேன். ஜனவரியில் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார், செண்பகம் எப்படி இருக்கிறாள் என்று. நன்றாக இருக்கிறாள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று பதில் போட்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அக்கா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலை டியூட்டி முடிகிற நேரம் அது. டிசம்பரில் அவள் ஃபோன் மெதுவாக இருக்கிறது என்றாள். வாங்கி ஒன்றிரண்டு அமைப்புகளை மாற்றிக் கொடுத்தேன். அதற்கும் கணினிக்கும் சம்பந்தமில்லை.

இன்னும் எட்டு நாள்.

மார்ச் 10, வெள்ளி. மாலை 5.50.

காலையில் மொட்டை மாடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். எடுத்தார். “டூட்டியில இருக்கேன்ல. ரெண்டரைக்கு மேல கூப்பிடு” என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன விஷயம் என்றுகூடக் கேட்கவில்லை.

இரண்டரைக்குக் கூப்பிட்டேன். கணினி பூட்டிக்கொண்டது, உங்கள் கணக்கில் சாவி இருக்கும், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கணக்கெல்லாம் அவருக்கு நினைவில்லையாம். ஆனால் முதல் நாள் திரையில் வந்த எண்ணைப் பார்த்துக் கையால் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். உலகத்தில் ஒருவரும் அதைச் செய்வதில்லை. இவர் செய்திருக்கிறார்.

படமெடுத்து அனுப்பச் சொன்னேன். போன மாதம் டச் ஃபோன் தண்டவாளத்து ஜல்லியில் விழுந்து உடைந்துவிட்டதாம். இப்போது பட்டன் ஃபோன். அப்படியென்றால் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் என்றேன்.

“எழுதி அனுப்புனா நீ சரியா வாங்குனியான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயால சொல்லுதேன். ஒவ்வொரு செட்டையும் திருப்பிச் சொல்லு. அப்புறம் அடுத்தது.”

இது அவருடைய தொழில் வியாதி. ஒரு வண்டியை அனுப்ப வேண்டுமென்றால் அடுத்த நிலையத்துக்காரர் ஃபோனில் ஓர் எண் கொடுக்க வேண்டும். இவர் அதைத் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதி, அப்புறம்தான் வண்டி நகரும். அந்தப் பக்கம் பதில் வராவிட்டால் வண்டிக்குள் ஆயிரம் பேர் கத்தினாலும் இவர் அசைய மாட்டார். கல்யாணமான புதிதில் இவர் இதை விளக்கியபோது, இந்தக் காலத்தில் இதற்கெல்லாமா ஃபோன் என்று நான் சிரித்தேன்.

முதல் இரண்டு தொகுதிகளைத் திருப்பிச் சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பொறுமையில்லை. எழுதிட்டேன், மேல சொல்லுங்க, எழுதிட்டேன், மேல சொல்லுங்க என்று ஓட்டினேன். நடுவில் எங்கேயோ நிறுத்தினார்.

“ஆவுடை, அவ எப்படி இருக்கா? இருபத்தி மூணு தடவ கூப்பிட்டுட்டேன். ஒரு தடவகூட எடுக்கல. அவ்வளவு கோவமா?”

நான் மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல சொல்லுங்க என்றேன்.

சொன்னார். முடிந்ததும், ஃபோனை அவளிடம் ஒரு நிமிஷம் கொடு, ஒரே ஒரு வார்த்தை என்றார். அக்கா வீட்டில் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்கா கீழே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து அடிக்க உட்கார்ந்தால் ஏழு தொகுதிதான் இருக்கிறது.

மூன்று முறை எண்ணினேன். ஏழு. நாற்பத்திரண்டு இலக்கங்கள்.

மார்ச் 11, சனி. காலை 10.10. எண்ணிக்கை: 5,24,288.

கணக்குப் போட்டேன். இந்தச் சாவியில் ஒவ்வொரு தொகுதியும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். என்னிடமுள்ள ஏழும் வகுபடுகின்றன. ஆக எழுதியதெல்லாம் சரி, ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எந்த இடத்தில் என்று தெரியவில்லை. ஒரு தொகுதிக்கு 65,536 வாய்ப்பு, எட்டு இடங்கள். முயற்சிக்கு அரை நிமிடம் என்றால் ஊண் உறக்கமில்லாமல் ஆறு மாதம். இருப்பது ஆறு நாள்.

இன்னொரு முறை கூப்பிடுவதுதான் அறிவான வழி. ஐந்து நிமிட வேலை. காலை ஏழு மணியிலிருந்து ஃபோனை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஏதாவது நிபந்தனை போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும், ஒன்றும் போடவில்லை. கேட்டதைக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார், அவ்வளவுதான்.

அதே நாள். மாலை 6.30.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா என் மேசைக்கு வந்தாள். எண்கள் எழுதிய தாளை எடுத்தாள்.

“இது யார் சொன்ன நம்பர்?”

தாளை வாங்கக் கை நீட்டினேன்.

“அவங்ககிட்ட பேசுனியா?”

“ஆமா.”

“எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உன் ஃபோனை எடுக்கிறார், என்னை ஒரு தடவை கூப்பிட அவருக்குத் தோன்றவில்லை, அப்படித்தானே என்று மெதுவாகச் சொன்னாள். அழவில்லை. நத்தை ஓட்டின் அளவைப் படிப்பதுபோல, அளந்து முடித்துவிட்ட குரலில் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால் வழக்கம்போல எரிச்சலோடு எழுந்து போயிருப்பேன்.

உன் ஃபோனைக் கொடு என்றேன். வாங்கி, தடுக்கப்பட்ட எண்கள் என்ற இடத்தைத் திறந்தேன். அதில் ஒரே ஓர் எண். அதற்குக் கீழே அந்த எண்ணிலிருந்து வந்து நின்றுபோன அழைப்புகள், தேதியோடு, நேரத்தோடு. டிசம்பர் 9, மதியம் 2.20. டிசம்பர் 11, மதியம் 2.35. பொங்கலன்று மூன்று. மொத்தம் இருபத்து மூன்று.

நான்தான் செய்தேன், டிசம்பரில், நீ சாப்பிடாமல் கிடந்தாய் என்று. கணினியிலும் நான்தான் கை வைத்தேன். அதுவாகப் போகவில்லை.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பிரித்துச் சொல்ல வராது எனக்கு.

அக்கா அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிப் படித்தாள். மறுபடியும் மேலே போய்ப் படித்தாள்.

“நூத்தி நாலு நாளுல” என்றாள். “நான் எண்ணிட்டு இருந்தேன். நீ பக்கத்து ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் பாத்துட்டு இருந்த.”

“தப்புதான்.”

“நீ என் ஃபோனத் தொடுததுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? இதத்தான அவங்களும் பண்ணாங்க. எனக்கு நல்லதுன்னு நெனச்சு என்கிட்ட சொல்லாம. அவங்களயாவது ரெண்டு வாரத்துல பிடிச்சுட்டேன்.”

அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும், “ஏ பாவி, மாப்பிள்ளை ஃபோன் வராம கட்டி வச்சியா? நான் அவிய மேல இல்லாத கோவமெல்லாம் பட்டேனே” என்றாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். கரண்டியில் குழம்பு இருந்ததால் திரும்பிப் போய்விட்டாள்.

அக்கா முகம் கழுவிவிட்டு வந்தாள். மணி ஒன்று ஐம்பது. இப்போதே கூப்பிடு என்றேன்.

“ரெண்டு மணிக்கு டூட்டி மாறும். சார்ஜ் குடுத்துட்டு வீட்டுக்கு வர ரெண்டரை. சாப்பிடட்டும். நீ எப்பவும் மனுஷன் சாப்பிடுத நேரத்துலதான் கூப்பிடுவ.”

மூன்று மணி பத்து நிமிடம் வரை உட்கார்ந்திருந்தோம். என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் எதையும் நோண்டாமல் இருந்ததில்லை.

மூன்று பத்துக்குக் கூப்பிட்டாள். ஃபோன் ஒரு தடவை அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. “நான்தான்” என்றாள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. எனக்குப் பேனா நுனியால் மேசையைத் தட்ட வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை.

பிறகு, “ஆவுடை எல்லாம் சொல்லிட்டான். அத அப்புறம் பேசலாம். மொதல்ல நம்பரச் சொல்லுங்க” என்றாள்.

அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. அவள் திருப்பிச் சொல்வது மட்டும் கேட்டது. ஒவ்வோர் இலக்கமாக, நிதானமாக. எழுதுவாள், திருப்பிச் சொல்வாள், சரி என்று வந்த பிறகு ம் என்பாள். நான் என் தாளை வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் தொகுதி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இருந்தன. ஐந்தாவது என் தாளில் இல்லை.

“மூணு, எட்டு, ரெண்டு, ஆறு...” அந்த ஆறில் அவள் குரல் உடைந்துவிட்டது. நிறுத்தினாள். அந்தப் பக்கமும் அவசரப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். “மூணு, எட்டு, ரெண்டு, ஆறு, ஒண்ணு, மூணு.”

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பதினொன்றால் வகுபட்டது.

எட்டும் முடிந்தது. தாளை என் பக்கம் தள்ளினாள். ஃபோனில், “வச்சிராதீங்க” என்றாள். என்னைப் பார்த்து, போ என்று கையைக் காட்டினாள். கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். பகுதி திறந்தது. வாசலில் விண்டோஸின் விவரத்தை எழுதினேன். கணினியை மறுபடி இயக்கினேன். சாவியை இன்னொரு முறை கேட்டது. சலிக்காமல் நாற்பத்தெட்டையும் மறுபடி அடித்தேன்.

3.52. எண்ணிக்கை: 1. வந்துவிட்டது. அவள் வைத்திருந்த வயல் படம், வலது மூலையில் நத்தை, கோப்புறைகள் எல்லாம். ஆய்வேட்டைத் திறந்தேன். ஆறு அத்தியாயம், 212 பக்கம். அட்டவணையின் கடைசி வரிசையில் 1140 என்று இருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்று கதவு வரை போனேன். உள்ளே பேச்சுக்குரல். வெளியே நின்றேன். நாற்பது நிமிடம் கழித்து அவளே கதவைத் திறந்தாள். வந்துவிட்டது என்றேன்.

“நத்தை?”

“எல்லாம் இருக்கு. ஆயிரத்து நூத்தி நாப்பதும்.”

சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு பெரிய மூச்சு விட்டாள். அதற்கப்புறம் என்னை முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 12, ஞாயிறு.

மூன்று இடங்களில் பிரதி எடுத்தாயிற்று. அக்கா பேசவில்லை. அம்மா எனக்கு மட்டும் அப்பளம் வைக்கவில்லை.

மார்ச் 14, செவ்வாய்.

அக்கா பேசினாள். பிரிண்டரில் மை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

மார்ச் 17, வெள்ளி. மாலை 7.00.

கொடுத்தாயிற்று. மாலை 4.20. நாற்பது நிமிடம் மிச்சம்.

வெறும் நாற்பது நிமிடம் மிஞ்சியதற்குக் காரணம் அத்தான். காலை வண்டியில் இறங்கி நேராக பைண்டிங் கடைக்கு வந்துவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு நாலு பிரதியும் தயாராகிவிட்டன. ஆட்டோவைக் கூப்பிடப்போனேன். அவர் முதல் பிரதியை எடுத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கம் புரட்டத் தொடங்கினார். 212 பக்கம், நான்கு பிரதி. அத்தான், பல்கலைக்கழகம் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றேன். ம் என்றார். கடைக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாவது பிரதியில் 97-ஆம் பக்கம் தலைகீழாக இருந்தது. கடைக்காரர் வாயைத் திறக்காமல் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தார். அக்கா சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அவள் உள்ளே ரசீது வாங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அந்த ஃபோன் விஷயம் என்று ஆரம்பித்தேன்.

“உங்க அக்கா சொல்லிட்டா” என்றார். செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். “நீ பண்ணது ஒரு பக்கம். நான் ஒரு தடவ பஸ் ஏறி நேர்ல வந்திருக்கணும்ல. அந்தப் பக்கம் பதில் வரல, வரலன்னு உக்காந்துட்டேன். வீடு என்ன ஸ்டேஷனா?”

சாப்பிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். அவரும் சாப்பிடவில்லையாம். அக்கா ரசீதை ஆட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மூன்று பேரும் எதிரே இருந்த கடையில் புரோட்டா சாப்பிட்டோம். அவர்கள் இருவரும் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். மாற்றல் ஆன ஊரில் வாடகை வீடு, தண்ணீர், அங்கேயிருந்து கல்லூரிக்கு எந்த வண்டி என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த வண்டிக்கு வேறு இணைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும் என்று சால்னாவை ஊற்றிக்கொண்டேன். கேட்கவில்லை. அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் படுத்து ஒரு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். பன்னிரண்டு நாளில் முதல் தடவை.

இனி செய்ய வேண்டியவை:

1. அக்காவின் கணினியிலிருந்து என் லினக்ஸை எடுப்பது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதை அழிக்கப்போகிறேன் என்று காட்டி, அவள் சரி என்ற பிறகு அழிப்பது.

2. சாவியைப் புதிதாக மாற்றி, அக்கா கையாலேயே எழுத வைப்பது. ஒன்று அவளிடம், ஒன்று அத்தானிடம். எனக்கு வேண்டாம்.

3. கம்பெனியில் எனக்கென்று ஒரு கணினி கேட்பது. இல்லையென்றால் அங்கேயே இருந்து வேலையை முடித்துவிட்டு வருவது.

4. பெயரில்லாத பகுதி எதைக் கண்டாலும் அது யாருடையது என்று முதலில் கேட்பது. கணினியில் மட்டும் இல்லை.

5. ஜனவரியில் அத்தான் அனுப்பிய செய்திக்கு ஒழுங்கான பதில் எழுதுவது. பட்டன் ஃபோனில் படிக்கிற அளவுக்குச் சின்னதாக.

6. அக்கா என்றைக்குக் கிளம்புகிறாள் என்று கேட்காமல் இருப்பது. சொல்லும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைப்பது.